ஒரு வருசம் பாவிச்ச மழைத்தாள்: 24 முந்திரிகைக் கொடியும் என்ர கணக்குக் கொப்பியும்

கடையின்ர பேரைக் கேக்காதேங்கோ, சொல்ல மாட்டன். அவையளோட எனக்குக் கோவம் இருக்கு, ஆனால் ஊருக்குள்ள பகை வேண்டாம். பொருளைப் பற்றி மட்டும் எழுதுறன். 2024 ஆவணியில வாங்கினது. ஒரு மாரி, ஒரு கோடை, வாடைக்காற்று, சோழகக்காற்று எல்லாம் பார்த்திட்டுது. இனி வாய் திறக்கலாம்.

முந்திரிகைப் பந்தலுக்கு மேல போடுற மழைத்தாள்தான் பொருள். கடைக்காரர் றெயின் கவர் எண்டுவார். 200 மைக்ரோன் பொலித்தீன், வளைச்ச ஜி.ஐ. பைப், தாளை இறுக்கிப் பிடிக்கிற ஸ்பிரிங் கம்பி, அதோட சொட்டுநீர்க் குழாய் ஒரு செற். "காலநிலை மாற்றத்துக்கு ஈடுகுடுக்கும் பந்தல்" எண்டு கலர் நோட்டீஸ் ஒண்டும் தந்தவை. நோட்டீஸில இருந்த தோட்டத்துக்குப் பின்னால பெரிய மலை ஒண்டு தெரியுது. யாழ்ப்பாணத்தில மலை எண்டு சொல்லக் கீரிமலைதான் இருக்கு, அதுவும் பேரில மட்டும். அப்பவே நான் யோசிச்சிருக்க வேணும்.

வெளியூர் ஆக்களுக்கு ஒரு வரி: இந்தியாவில திராட்சை எண்டு சொல்லுறதைத்தான் நாங்கள் முந்திரிகை எண்டுறம். நீங்கள் பாயாசத்துக்குப் போடுற பருப்பு எங்களுக்கு மரமுந்திரிகை. வெளிநாட்டில இருந்து வாற எங்கட ஆக்கள் பந்தலைக் கண்ட உடன "வைன் போடுறியளோ அக்கா" எண்டு கேப்பினம். இல்லை ராசா, இது தின்னுற பழம்.

என்ர தோட்டம் கோப்பாய்ப் பக்கம், செம்மண். ஒரு பரப்புக்குக் கொஞ்சம் குறையும் (பரப்பு எண்டது எங்கட ஊர் நில அளவு). பத்தடிக்கு ஒண்டா 24 கொடி, நாலு வரிசை, வரிசைக்கு ஆறு. எல்லாம் இஸ்ரேல் புளூ எண்ட இனம், என்ர ஐயா (அப்பா) தடி வைச்சு முளைப்பிச்சது. நான் கணக்குப் படிப்பிச்சுப் பென்சன் எடுத்தவள். அதால கண்ணால கண்டதை மட்டும் நம்புறேல்லை, அளந்து கொப்பியில எழுதுவன். 24 கொடியில 12க்குத்தான் தாள் போட்டன், மற்ற 12ஐயும் வெறும் பந்தலா விட்டன். "என்ன ரீச்சர், காசு காணாதோ" எண்டு கடைக்காரர் கேட்டார். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாமோ!

தாள், பைப், கூலி எல்லாமாச் சேர்த்து ஒரு லட்சத்து 62 ஆயிரம். சொட்டுநீர் செற் தனிய 28 ஆயிரம்.

ஏன் வாங்கினன் எண்டு சொன்னால்தான் மிச்சம் விளங்கும். குளிர் நாட்டில முந்திரிகை பனிக்காலத்தில நித்திரை கொள்ளும், வெயில் வர தானே முழிக்கும். எங்கட ஊரில அதுக்கு நித்திரையும் இல்லை முழிப்பும் இல்லை. நாங்கள் கொப்பை வெட்டி, இலையை உதிர்த்து விட்டால்தான் புதுத் தளிர் வரும், தளிரோட பூங்குலை வரும். வெட்டினதில இருந்து 90, 110 நாளில பழம். அதால இந்தத் தொழிலில முழுக் கெட்டித்தனமும் வெட்டுற திகதியிலதான் கிடக்கு. ஐயா தைப்பொங்கல் முடிய, தை கடைசியில வெட்டுவார். வைகாசியில பழம். ஆனியில திரும்ப வெட்டினால் புரட்டாதியில பழம். ஐப்பசி பிறந்தால் கத்திரிக்கோலைத் துடைச்சு எண்ணெய் பூசி வைச்சிடுவார். "மாரியில முந்திரிகையைத் தொடாதை பிள்ளை, அது தன்ர பாட்டில கிடக்கட்டும்" எண்டுவார்.

வெட்டின திகதி, முதல் மழை, பழம் ஆய்ஞ்ச நாள் எல்லாத்தையும் ஐயா வாக்கிய பஞ்சாங்கத்தின்ர ஓரத்தில பென்சிலால எழுதி வைச்சவர். அந்தப் பஞ்சாங்கங்களை அடுக்கிப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும். அவருக்குப் பின்னால நான் எழுதின பக்கங்களில அந்த ஒழுங்கு இல்லை. 2008 நவம்பரில நிஷா புயல், 2020 டிசம்பரில புரெவி, இதெல்லாம் எல்லாருக்கும் நினைவிருக்கும். எனக்கு அதை விட வில்லங்கம் சின்ன மழையள். பழம் நிறம் மாறுற நேரம் சித்திரையில ஒரு மழை, தளிர் வரேக்க மாசியில ஒரு மழை. முந்தி வராத மழையெண்டு சொல்ல மாட்டன். வராது எண்டு நம்பி வேலை செய்ய ஏலாமல் போட்டுது, அதுதான் வித்தியாசம்.

இந்த எழுதி வைக்கிற பழக்கத்தைப் பற்றி ஒண்டு சொல்லிப்போட்டு வாறன். பிரான்சில பர்கண்டிப் பக்கம் போன் எண்டு ஒரு ஊர் (டெலிபோன் இல்லை, ஊரின்ர பேரே அதுதான்). அங்க 1354ஆம் ஆண்டிலயிருந்து 2018 வரைக்கும் முந்திரிகை அறுவடைத் திகதியள் சேர்த்து வைச்சிருக்கினம். பழம் ஆயிற கூலியாக்களுக்குக் காசு குடுத்த கணக்கில இருந்தெல்லாம் தேடி எடுத்தது. 1988க்குப் பிறகு அறுவடை சராசரி 13 நாள் முந்தி வருதாம். 600 வருசத்துக்கு மேல கொப்பி எழுதின ஊர்! என்ர ஐயா பிறந்திருக்க வேண்டிய இடம் அதுதான்.

சரி, தாளுக்கு வருவம். "தாள் போட்டால் மாரியிலயும் காய்க்கும் ரீச்சர், நத்தாருக்குப் பழம் ஆயலாம், விலை ரெட்டிப்பு" எண்டு கடையில சொன்னவை (நத்தார் எண்டால் கிறிஸ்மஸ்). ஆசை ஆரை விட்டுது? புரட்டாதி 14, செப்டெம்பர் கடைசியில, ஐயாவின்ர சொல்லை மீறித் தாளுக்குக் கீழ 12 கொடியையும் வெட்டினன். மற்ற 12ஐயும் வழமை போல விட்டன்.

முதல் ரெண்டு மாசம் நான் கடைக்காரரை வாழ்த்திக்கொண்டு திரிஞ்சன், பொய் சொல்லக் கூடாது. முந்திரிகைக்கு மழைக்காலத்தில வாற பங்கசு நோய் ஒண்டு இருக்கு. இலையின்ர மேல்பக்கம் எண்ணெய் சிந்தின மாதிரி மஞ்சள் பொட்டு விழும், திருப்பிப் பார்த்தால் அந்த இடத்தில வெள்ளைப் பஞ்சு. இலை நனைஞ்சு கிடந்தால்தான் அது வரும். தாளுக்குக் கீழ இலை நனையேல்லை, நோயும் வரேல்லை. ஐப்பசி கடைசியில வெறும் பந்தலில இலையெல்லாம் மண்ணிறமாக் கருகிக் கொட்டேக்க, பக்கத்து வரிசை பச்சைப் பசேலெண்டு நிண்டுது. ரெண்டுக்கும் இடையில பத்தடிதான்.

அந்த நோய்க்கு நான் அடிக்கிறது பழைய போர்டோக் கலவைதான். 100 லீற்றர் தண்ணிக்கு ஒரு கிலோ மயில்துத்தம் (செப்புச் சல்பேற்று), ஒரு கிலோ நீறாத சுண்ணாம்பு. துத்தத்தை ஒரு பிளாஸ்ரிக் வாளியில, சுண்ணாம்பை இன்னொண்டில கரைச்சு, பிறகு ஒண்டாச் சேர்க்க வேணும். சேர்த்தாப் போல ஒரு மினுக்கின இரும்பு ஆணியை அதுக்குள்ள ஒரு நிமிசம் விட்டு எடுங்கோ. ஆணியில செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு காணாது, அப்பிடியே அடிச்சால் இலை எரியும். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு போட்டுத் திரும்ப ஆணியை விட வேணும். இதுவும் பிரெஞ்சுக்காரரிட்ட இருந்து வந்த வித்தைதான். 1880களில றோட்டோரக் கொடியில கள்ளர் கை வைக்காமல் இருக்க எண்டு துத்தமும் சுண்ணாம்பும் பூசினவையாம். பூசின கொடியில மட்டும் இலை நிக்கிறதை மில்லார்டே எண்டவர் கண்டுபிடிச்சு, 1885இல எழுதி வெளியிட்டார். கள்ளருக்குப் பூசினது உலகம் முழுக்க மருந்தாப் போச்சு. தாளுக்குக் கீழ இந்தக் கலவையை மூண்டே தரம்தான் அடிச்சன், அதுவும் பயத்தில.

பிறகு நவம்பர் கடைசிக் கிழமை வந்துது. பெங்கல் புயல் எண்டு பிறகு பேர் வைச்சவை. எங்களை நனைக்கேக்க அதுக்குப் பேர்கூட இல்லை, வெறும் தாழமுக்கம். 26, 27 ரெண்டு நாளும் விடாமல் பெய்ஞ்சுது. 26 இரவு ஒரு சத்தம், ஆரோ பெரிய சீலையை உதறுற மாதிரி. விடிய ரோச் லைற்றோட போய்ப் பார்த்தால் வாடைக்காற்றுப் பக்கத்து வரிசையில தாள் ஸ்பிரிங் கம்பியை விட்டுக் கழண்டு, பாதி நீளத்துக்குக் கிழிஞ்சு, குலையளுக்கு மேல அடிச்சுக்கொண்டு நிக்குது. காயெல்லாம் நிலத்தில. கழண்ட இடத்தைத் தடவிப் பார்த்தன். கடைசி மூண்டடிக்குக் கம்பியே போடேல்லை, தாளை மடிச்சுப் பைப்புக்குள்ள செருகி விட்டிருக்கினம். கம்பி காணாமல் போயிருக்கும், சொல்ல வெக்கப்பட்டிருப்பினம். என்னிட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நானே போய் வாங்கிக் குடுத்திருப்பன்.

இன்னொண்டையும் அண்டைக்குத்தான் படிச்சன். தாள் மேல இருந்து வாற மழையைத்தான் தடுக்கும். தாளில விழுந்த தண்ணி எங்க போகும்? ரெண்டு வரிசைக்கும் நடுவால அருவி மாதிரி ஊத்தி, வேரடியில தேங்கி நிண்டுது. செம்மண் சும்மா தண்ணியைக் குடிச்சிடும் எண்டு நாங்கள் பெருமை பேசுறது. அண்டைக்கு அதுவும் வயிறு நிரம்பிப்போய்க் கிடந்துது. வெறும் பந்தலில மழை பரவி விழுந்தபடியால் அங்க அவ்வளவு தேங்கேல்லை. நோட்டீஸில வாய்க்காலைப் பற்றி ஒரு எழுத்துக்கூட இல்லை. நானும் பக்கத்துத் தோட்டத்து அண்ணையும் மண்வெட்டியோட நிண்டு, நனைஞ்ச கோழி மாதிரி, கான் வெட்டி விட்டம்.

டிசம்பர் 29 பழம் ஆய்ஞ்சன். தப்பின வரிசையில ஆறு கொடிக்கு 41 கிலோ, கிழிஞ்ச வரிசையில 12 கிலோ. விலை உண்மையாவே நல்ல விலை, கிலோ 700 போச்சுது. 53 கிலோவுக்கு 37,100 ரூபா. ஒரு மாரிக்கு மோசமில்லை எண்டு நீங்கள் நினைப்பியள். நானும் நினைச்சன்.

தை கடைசியில 24 கொடியையும் ஒண்டா வெட்டினன். வைகாசியில நிறுத்துப் பார்த்தால், வெறும் பந்தல் 12 கொடிக்கு நல்ல பழம் 96 கிலோ. தாள் பந்தல் 12க்கு 71 கிலோ. முதல் நிறுக்கேக்க தராசிலதான் பிழை எண்டு நினைச்சுத் திரும்ப நிறுத்தன். பிழை தராசில இல்லை. மாரியில சும்மா கிடக்கிற கொடி சும்மா கிடக்கிறேல்லை, வேரிலயும் தண்டிலயும் அடுத்த போகத்துக்குச் சாப்பாடு சேர்க்குது. நான் அதையும் நத்தாருக்கு உருவி வித்துப்போட்டன். கொடி கடன் தந்தது, வைகாசியில அதில ஒரு பங்கைத் திரும்பப் பிடிச்சுக்கொண்டுது. ஐயாவின்ர "தொடாதை பிள்ளை"க்குக் கணக்கு இதுதான் எண்டு எனக்கு 60 வயசு தாண்டித்தான் விளங்கினது.

ஆனால் அதே வைகாசிக் கணக்கில தாளுக்கு ஒரு நல்ல மார்க்கும் இருக்கு. சித்திரைக் கடைசியில ரெண்டு நாள் பின்னேர இடிமழை. நிறம் மாறின பழம் திடீரெண்டு தண்ணியைக் குடிச்சால் தோல் வெடிக்கும், வெடிச்ச பழத்தில குளவியும் பூஞ்சணமும். வெறும் பந்தலில 14 கிலோவை ஆய்ஞ்சு எறிஞ்சன் (அந்த 96 இதைக் கழிச்ச கணக்கு). தாளுக்குக் கீழ ஒரு பழம்கூட வெடிக்கேல்லை. குலையளும் தூசி படியாமல், அந்தச் சாம்பல் பூத்த நீலத்தோட, தொட்டால் விரல் அடையாளம் விழுற மாதிரி இருந்துது. சந்தையில வியாபாரி அதைத்தான் முதல் தூக்கினவர்.

வெக்கையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். பங்குனி நடுவில ஒருநாள் மத்தியானம் ரெண்டு மணிக்குச் சுவர்த் தேர்மாமீற்றரைக் கொண்டுபோய்க் கட்டித் தூக்கினன். வெறும் பந்தல் நிழலில 34 பாகை. தாளுக்குக் கீழ, குலை மட்டத்தில, 39. முந்திரிகை இலை 35க்கு மேல போனால் வேலையைக் குறைச்சிடும், மேல்ப்பக்கக் குலையில பழம் வெந்து சுருங்கும். மழைக்குக் குடை பிடிச்சு வெக்கைக்குப் போறணை கட்டின கதைதான். தாளைக் கழட்டித் தாங்கோ எண்டு கடைக்குப் போன் பண்ணினன். "அது கழட்டுறதுக்குப் போடுறேல்லை ரீச்சர்." நல்லாயிருக்கு.

கடைசியில என்னிட்டைப் படிச்ச பெடியன் ஒருத்தன், இப்ப வெல்டிங் வேலை செய்யிறவன், வந்து பார்த்தான். "ரீச்சர், கடைக்கு முன்னால சீலை சுத்துவினமே, அப்பிடிச் செய்வமே?" எண்டான். தாளின்ர ஒரு கரையைப் பந்தலோட கட்டி, மற்றக் கரையில நீளத்துக்கு ஒரு பைப்பைச் சுத்தி, நுனியில கைபிடி. பத்து நிமிசத்தில ஒரு வரிசையைச் சுருட்டலாம். பைப்பும் கூலியும் 11 ஆயிரம். பைப் வெயிலில சுட்டுத் தாள் படுற இடம் பழுப்பாகியிருந்ததையும் அவன்தான் காட்டினவன். வளைவுப் பைப்புக்கெல்லாம் வெள்ளைப் பெயின்ற் அடிச்சுத் தந்தான். ஐஞ்சு வருசம் நிக்கும் எண்ட தாள், அந்த இடங்களில ஒரு வருசத்திலயே நகம் பட்டால் கீறுற நிலைமை. தாளில வெயிலுக்குத் தாங்கிற மருந்து சேர்ந்திருக்கோ எண்டு வாங்கேக்க கேளுங்கோ, அச்சடிச்சிருக்கோ எண்டு பாருங்கோ. நான் கேக்கேல்லை. மாணவருக்கு அரை மார்க் குறைக்கிற நான்.

நோயிலயும் ஒரு உள்குத்து. நனைஞ்ச இலை நோய் போச்சு, சரி. அந்த இடத்துக்கு மற்றது வந்துது: இலையிலயும் காயிலயும் கோதம்பமா தூவின மாதிரி, விரலால துடைச்சால் போற சாம்பல். அதுக்கு மழை தேவையில்லை, காற்றோட்டம் குறைஞ்ச காய்ஞ்ச நிழல்தான் விருப்பம். தாளுக்குக் கீழ இருக்கிறது அதுதானே. வெறும் பந்தலில அது பேருக்குத்தான் வந்துது. மருந்து கந்தகம். ஆனால் 32 பாகைக்கு மேல கந்தகம் அடிச்சால் இலை எரியும், எங்கட பங்குனி சித்திரையில காலம்பிற ஆறரைக்கு முன்னம் முடிச்சால்தான் உண்டு. அதுவும் போதாமல் கந்தகம் பட்டால் பொலித்தீனின்ர ஆயுளும் குறையும். அதால தாளைச் சுருட்டிப்போட்டுத்தான் அடிக்கிறன்.

இனிச் சொட்டுநீர். எங்கட வீட்டுக் கேத்தலை ஒருக்கா எட்டிப் பாருங்கோ. அடியில வெள்ளைப் பொருக்கு. முழுக் குடாநாடும் சுண்ணாம்புக்கல்லு, கிணத்துத் தண்ணியில அது கரைஞ்சிருக்கு. கேத்தலுக்கு நடக்கிறது ஊசிக்கண் மாதிரி ஓட்டை உள்ள சொட்டுவாய்க்கு நடக்காதோ? கடையில கேட்டனான். "ஒரு பிரச்சினையும் வராது." ஏழாம் கிழமை அளவுகோப்பையோட நிலத்தில குந்தி, 96 சொட்டுவாயையும் அளந்தன். மணிக்கு நாலு லீற்றர் எண்டால் பத்து நிமிசத்தில 667 மில்லி வர வேணும். 31இல 200கூட வரேல்லை, அதில ஒம்பது முழு அடைப்பு. கழட்டி இராத்திரி முழுக்க வினாகிரியில ஊற வைச்சு, விடிய ஊதினால் மாவு மாதிரி வெள்ளையா வெளியில வருது. இப்ப ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா அந்த வேலை. வடிகட்டி செற்றில சேர்த்தி இல்லை, 6,500 தனிய. இதையெல்லாம் செய்தால் சொட்டுநீர் நல்லது, வாய்க்காலில இறைக்கிறதோட பார்த்தால் மோட்டர் ஓடுற நேரம் பாதி. கொடியடிக்குப் பூவரசங் குழையும், பழைய வேலி ஓலையையும் போட்டு மூடி விட்டால் இன்னும் குறையும். ஐயா அதைக் குழை தாக்கிறது எண்டார், இப்ப நோட்டீஸில மூடாக்கு எண்டு போட்டு 'புதிய தொழில்நுட்பம்' எண்டு எழுதியிருக்கினம்.

இந்த முழுச் செலவிலயும் என்ர மனசுக்குப் பிடிச்ச பொருள் செற்றில இல்லாத ஒண்டு. தண்ணியின்ர உப்பை அளக்கிற பேனை மாதிரி ஒரு மீற்றர், 4,800 ரூபா. முந்திரிகைக்கு 1,000 மைக்ரோசீமன் (மீற்றர் உப்பைக் காட்டுற அளவு) வரை கவலையில்லை, அதுக்கு மேல ஏற ஏற விளைச்சல் விழும். என்ர கிணறு மாசியில 920. ஆடியில 1,860. நாக்கில வைச்சால் ரெண்டுக்கும் வித்தியாசம் பெரிசாத் தெரியாது, கொடிக்குத் தெரியும். இலை ஓரம் கருகினதை நான் வெயில் எண்டு நினைச்சு வருசக்கணக்கா ஏமாந்திருக்கிறன்.

ஏன் ஏறுது எண்டதுதான் எனக்குப் பிடிச்ச கணக்கு. புத்தூர் நிலாவரைக் கிணறு எல்லாருக்கும் தெரியும், மேல நல்ல தண்ணி, ஆழத்தில உப்பு. குடாநாட்டுக்குக் கீழ முழுக்க அதுதான் நிலைமை. கடல் தண்ணிக்கு மேல நன்னீர் ஒரு வில்லை மாதிரி மிதக்குது. நன்னீரின்ர அடர்த்தி 1 எண்டால் கடல்நீர் 1.025. வித்தியாசம் 0.025. ஒண்டை அதால பிரியுங்கோ, 40. கடல்மட்டத்துக்கு மேல ஒரு அடி நன்னீர் நிண்டால் கீழ 40 அடி நன்னீர் இருக்கும். மறுபக்கமாப் பார்த்தால், இறைச்சு இறைச்சு மேல ஒரு அடியைக் குறைச்சால், கீழ இருந்து உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். பத்தாம் வகுப்புக்குக் குடுக்கலாம், நல்ல கேள்வி. ஆடியில ஒருநாள் மோட்டரை ஒரு மணித்தியாலம் விடாமல் ஓட விட்டு அளந்தன், 1,540இல தொடங்கி 1,860இல நிண்டுது. நிப்பாட்டி நாலு மணித்தியாலத்தால திரும்ப 1,560. அண்டையில இருந்து காலமை 20 நிமிசம், பின்னேரம் 20 நிமிசம். ஒரேயடியா இறைக்கிறேல்லை. இதுக்கு ஒரு சதம் செலவில்லை. இன்னொண்டு: கோடை முழுக்கச் சொட்டுநீர் விட்டால் உப்பு நனைஞ்ச வட்டத்தின்ர கரையில போய் ஒதுங்கும். முதல் சின்ன மழை அதைத் திரும்ப வேருக்குத் தள்ளும். மழை வருது எண்டு மோட்டரை நிப்பாட்டாதேங்கோ, அண்டைக்கும் விடுங்கோ. மழை பெய்யேக்க தண்ணி விடுறாள் எண்டு ஊர் சிரிக்கும், சிரிக்கட்டும்.

உப்புக்குத் தாங்கிற வேரில ஒட்டின கண்டு இருக்கோ எண்டும் கடையில கேட்டனான். மகாராஷ்டிராவில டொக்ரிட்ஜ் எண்ட டெக்சஸ் காட்டு முந்திரிகை வேரில ஒட்டித்தான் கனபேர் செய்யினம், உப்புக்கும் வறட்சிக்கும் தாங்கும் எண்டு. கடைக்காரர் நான் ஏதோ சாமான் பேர் சொன்ன மாதிரி "எத்தினை இஞ்சி ரீச்சர்" எண்டார். விட்டிட்டன்.

மார்க் போடு எண்டால்: தாளுக்கு ஐஞ்சுக்கு ரெண்டரை. சுருட்டுற பைப் போட்ட பிறகு மூண்டரை. பழம் நிறம் மாறுறதில இருந்து ஆயிற வரைக்கும் உள்ள நாலைஞ்சு கிழமைக்குத்தான் அது தேவை, மற்ற நாளெல்லாம் சுருண்டு கிடக்கட்டும். பத்துக் கொடிக்குக் குறைவா வீட்டு முத்தத்தில வைச்சிருக்கிற ஆக்கள் வாங்க வேண்டாம், போட்ட காசு பழத்தில வராது. சொட்டுநீருக்கு மூண்டு, வடிகட்டி சேர்த்து வித்தால் நாலு குடுப்பன். பொருத்திற வேலைக்கு ஒண்டு, அதுவும் வந்த பெடியள் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவி வைச்சிட்டுப் போனதுக்காக. மீற்றருக்கு ஐஞ்சு.

இந்த மாரிக்கு 24ஐயும் வெட்டாமல் விடுறன். ஆனியில வெட்டின போகம் இப்ப காய், புரட்டாதி கடைசியில ஆயலாம். வாடைப் பக்கத்து வரிசைக்குப் புதுத்தாள் வாங்கியாச்சு, இந்த முறை அச்சைப் பார்த்து. நடுவால கானும் வெட்டியாச்சு. ஞாயிற்றுக்கிழமை வெல்டிங் பெடியன் தாள் ஏத்த வாறான். ஸ்பிரிங் கம்பி மட்டும் 20 அடி குறையுது, அந்தக் கடைக்குத் திரும்பப் போக மனமில்லை. கோப்பாய், உரும்பிராய், நீர்வேலிப் பக்கம் ஆரிட்டையும் மிச்சம் கிடந்தால் சொல்லுங்கோ, வந்து எடுக்கிறன்.